கையெழுத்திட்டவர்கள்

1940ஆம் வருஷம் இலையுதிர்காலத்தில், ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைந்து சில மாதங்களே ஆகியிருந்தபோது, பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர்கள் முன் ஒரு தாள் நீட்டப்பட்டது. நான் யூதனல்ல, ஃப்ரீமேசன் சங்கத்தைச் சேர்ந்தவனுமல்ல என்று பிரமாணம் செய்து அதில் கையெழுத்திட வேண்டும். ஸிமோன் த பொவ்வார் அப்போது பாரிஸில் ஒரு பெண்கள் பள்ளியில் தத்துவ ஆசிரியை. கையெழுத்திட்டார். அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் மறுக்கவில்லை, மறுக்க வழியும் இருக்கவில்லை என்ற பொருளில் இருபது வருஷங்கள் கழித்துத் தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்கிறார். 1941 மார்ச் கடைசியில் போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஸார்த்ர் இதற்காக அவரைக் கடிந்துகொண்டார். கறுப்புச் சந்தையில் சாமான் வாங்கியது ஒரு குற்றம், இந்தத் தாளில் கையெழுத்திட்டது இன்னொரு குற்றம். அதே ஸார்த்ர் அதே வருஷம் கோந்தோர்ஸே பள்ளியில் தத்துவ ஆசிரியர் பதவியை ஏற்றுக்கொண்டார். யூதர் என்பதற்காக வெளியேற்றப்பட்ட ஒருவர் வகித்த பதவி அது. இடையில் வேறொருவர் அந்த நாற்காலியில் கொஞ்ச காலம் இருந்தார் என்பதும் உண்மை. யார் இடத்தில் போய் உட்காருகிறோம் என்று கேட்கும் வழக்கம் எந்த ஊர் ஸ்டாஃப் ரூமிலும் கிடையாது.

இதைச் சொல்வது ஸார்த்ரையும் பொவ்வாரையும் இறக்கிக் காட்டுவதற்காக இல்லை. அந்த வேலையைச் செய்வதற்கு பிரான்ஸிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மிடையே காம்யு, ஸார்த்ர் என்ற பெயர்கள் இருத்தலியல், அபத்தம், அந்நியமாதல் ஆகிய சொற்களோடு சேர்ந்து வந்து இறங்கியதால், அவர்கள் எழுதிய வருஷங்களில் அவர்கள் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் எழாமலே போய்விட்டது. 'தேர்வு' என்பது தத்துவப் பதமாகவே நமக்கு அறிமுகமாயிற்று. அந்தத் தேர்வு ஒரு அச்சடித்த படிவமாக, நிரப்ப வேண்டிய காலி இடத்தோடு, மாதச் சம்பளத்தோடு பிணைக்கப்பட்டு எதிரே வந்து நின்ற விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சர்வாதிகாரம் முதல் நாளே கொலை செய்யச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. படிவம் பூர்த்தி செய்யச் சொல்கிறது. அந்தப் படிவங்களில் ஒன்றிரண்டு எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் என்றே தயாரிக்கப்பட்டவை.

பதிப்பாளர்களின் கதை சுருக்கமானது, கேவலமானது. 1940 செப்டம்பர் கடைசியில் பிரெஞ்சுப் பதிப்பாளர் சங்கம் ஜெர்மானியப் பிரச்சாரத் துறையோடு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டது. ஜெர்மனிக்கு எதிரான புத்தகம், யூதர் எழுதிய புத்தகம், அகதியாக வந்த ஜெர்மானிய எழுத்தாளர்களின் புத்தகம் இவற்றைத் தாங்களே களைந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். தூதுவர் ஓட்டோ அபெட்ஸின் பெயரால் 'ஓட்டோ பட்டியல்' என்று வழங்கிய அந்தத் தடைப்பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். ஹைன, தாமஸ் மன், ஃப்ராய்ட் எல்லாம் உண்டு. பட்டியலின் முன்னுரையைப் படித்தால் பதிப்பாளர்களே முன்வந்து செய்த காரியம் என்றுதான் தோன்றும். தணிக்கை அதிகாரி வாசலில் வந்து உட்கார வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவரவர் அலுவலகத்திலேயே ஒருவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார். எது அனுமதிக்கப்படும் என்று ஊகித்து அதற்கு ஒரு சாண் உள்ளேயே நின்றுகொள்ளும் மனம் எவ்வளவு சீக்கிரம் தயாராகிவிடுகிறது!

அந்த ஊகத்தின் ஒரு விளைவு நம் எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு புத்தகத்தில் இருக்கிறது. 1942இல் கலிமார் வெளியிட்ட காம்யுவின் 'ஸிஸிஃபஸ் புராணம்'. அதில் காஃப்காவைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. காஃப்கா யூதர். அந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு புத்தகம் வெளிவர முடியாது. காம்யு அதை எடுத்துவிடச் சம்மதித்தார். அதன் இடத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் கிரிலோவைப் பற்றிய அத்தியாயம் சேர்ந்தது. காஃப்கா கட்டுரை மறு வருஷம் லியோனிலிருந்து வந்த 'லார்பலேத்' என்ற சிறு பத்திரிகையில் வெளியாகி, போருக்குப் பிறகு புத்தகத்தின் பிற்சேர்க்கையாகத் திரும்பி வந்தது. இன்றும் அது பிற்சேர்க்கையாகத்தான் நிற்கிறது. எத்தனை பேர் ஏன் என்று யோசித்திருப்போம்? மனிதனின் நேர்மையைப் பற்றி, தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் வாழ்வதைப் பற்றிப் பேசும் ஒரு நூல், ஒரு பெயரை மறைத்துக்கொண்டு உலகத்துக்கு வந்தது. காம்யு செய்தது தவறா? புத்தகத்தையே நிறுத்தியிருக்க வேண்டுமா? நிறுத்தியிருக்கலாம் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம். ஆனால் நிறுத்தியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

ழான் கேயெனோ நிறுத்தியவர். ஏழைத் தொழிலாளிக் குடும்பத்திலிருந்து வந்த ஆசிரியர், கட்டுரையாளர். ஆக்கிரமிப்பின் கீழ், தணிக்கை முத்திரை வாங்கி, தன் பெயரில் ஒரு வரியும் அச்சேற்றுவதில்லை என்று முடிவு செய்து நான்கு வருஷமும் அப்படியே இருந்தார். நாட்குறிப்பு மட்டும் எழுதினார். 1947இல் புத்தகமாக வந்த அந்த நாட்குறிப்பில் அவர் அதிகமாக வெகுள்வது ஜெர்மானியர் மேல்கூட இல்லை, தன் பெயர் அச்சில் வராமல் இருக்க முடியாத சக எழுத்தாளர்கள் மேல். தான் இல்லாவிட்டால் பிரெஞ்சு இலக்கியமே இல்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொள்ளும் ஜாதி அது என்ற தொனியில் எழுதுகிறார். அந்த ஜாதி பிரான்ஸோடு நின்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. கவிஞர் ரெனே ஷாரும் போர் முடியும்வரை எதையும் பிரசுரிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டு ப்ரோவான்ஸ் மலைப்பகுதியில் தலைமறைவுப் படையில் சேர்ந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கேயெனோவின் மௌனத்துக்கு முன்னால் ஸார்த்ரின் நடமாட்டம் கொஞ்சம் சங்கடமாகத்தான் தெரிகிறது. 1943 ஜூனில் அவருடைய 'ஈக்கள்' நாடகம் மேடையேறிய அரங்கத்தின் பெயர் தியாத்ர் த லா ஸித்தே. போருக்கு முன்பு அதன் பெயர் ஸாரா பெர்னார் அரங்கம். அந்த மகா நடிகை யூதப் பெண் என்பதால் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது. கொடுங்கோலனைக் கொன்று மக்களை விடுவிக்கும் நாயகன், பெயர் அழிக்கப்பட்ட மேடையில், ஜெர்மானியத் தணிக்கையின் அனுமதியோடு பேசினான். நாடகத்தின் உட்பொருளை உணர்ந்தவர்கள் உணர்ந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மௌனமாக இருந்தவனைவிடப் பூடகமாகப் பேசியவன் அதிகம் செய்தான் என்று போருக்குப் பிறகு எழுந்த எண்ணத்தை என்னால் முழுக்க ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

காகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். தணிக்கையைவிட வலுவான ஆயுதம் காகிதமாக இருந்தது. 1942 ஏப்ரலிலிருந்து எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு காகிதம் என்று தீர்மானிக்க ஒரு குழு செயல்பட்டது. அந்தக் குழுவில் காரியதரிசியாக வேலை பார்த்த இளம்பெண், மறு வருஷம் தன் முதல் நாவலை வெளியிட்டபோது மார்கெரித் த்யுரா என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். பின்னர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், கணவரை வதைமுகாம்வரை பறிகொடுத்து மீட்டார். காகிதக் குழு, எதிர்ப்பு இயக்கம் இரண்டும் ஒரே வாழ்க்கையில், இரண்டு வருஷ இடைவெளிகூட இல்லாமல். இந்த மனிதர்களை வரிசையாக நிறுத்தி இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று சாக்குக்கட்டியால் கோடு போட முயன்றால் கோடு ஆளுக்குள்ளேயே ஓடுகிறது.

இதை மிக நன்றாகக் காட்டும் இடம் கலிமார் பதிப்பகத்தின் இரண்டு அறைகள். 'நூவெல் ரெவ்யு ஃப்ரான்ஸேஸ்' என்ற பத்திரிகையை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜீத் முதலியோர் தொடங்கியது, இரு போர்களுக்கிடையே ஐரோப்பிய இலக்கியத்தின் மையங்களில் ஒன்று. போருக்கு முன் அதன் ஆசிரியர் ழான் போலான். 1940 நவம்பரில் ஜெர்மானியர் பதிப்பகத்தின் வாசலை முத்திரையிட்டு மூடினார்கள். பத்திரிகை பாசிஸ நாவலாசிரியர் த்ரியு லா ரோஷெலின் கைக்குப் போவது என்று முடிவான பிறகு வாசல் திறந்தது. பத்திரிகையைக் கொடுத்துப் பதிப்பகத்தைக் காப்பாற்றிக்கொண்டார் கலிமார். டிசம்பரில் த்ரியுவின் முதல் இதழ். ஆரம்ப இதழ்களில் ஜீத் எழுதினார், வலேரி எழுதினார், எலுவார்கூட எழுதினார். ஜீத் சில மாதங்களில் விலகிக்கொண்டார். போலான் பதிப்பகத்திலேயே தங்கி, அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, த்ரியுவின் இதழுக்கு நல்ல எழுத்தாளர்கள் போகாமல் பார்த்துக்கொள்ளும் காரியத்தைச் சாவதானமாகச் செய்துவந்தார்.

போலானுக்கு வேறு வேலையும் இருந்தது. மனிதகுல அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் சிலர் தொடங்கிய முதல் எதிர்ப்புக் குழுக்களில் ஒன்றின் பிரதியெடுக்கும் இயந்திரம் அவர் வீட்டில் இருந்தது. குழு பிடிபட்டது. இயந்திரம் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு ஸேன் நதிக்குள் போயிற்று. 1941 மே மாதம் போலான் கைதானார். ஒரு வாரம் போல ஸாந்தே சிறையில் இருந்தார். பிறகு விடுதலையானார். விடுவித்தது யார்? அடுத்த அறைக்காரர், த்ரியு லா ரோஷெல். போலான் அவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அவ்வளவு அதிர்ஷ்டம் வாய்க்காத போரிஸ் வில்தேவும் அனதோல் லெவிட்ஸ்கியும் தோழர்கள் ஐவரும் 1942 பிப்ரவரி 23 அன்று மோன் வலேரியன் கோட்டையில் சுடப்பட்டார்கள். விடுதலையான போலான் என்ன செய்தார்? ழாக் தெகூர் என்ற இளைஞரோடு சேர்ந்து 'லெத்ர் ஃப்ரான்ஸேஸ்' என்ற தலைமறைவுப் பத்திரிகையைத் திட்டமிட்டார்.

தெகூர் ஜெர்மன் மொழி ஆசிரியர். கம்யூனிஸ்ட். ஜெர்மானிய இலக்கியத்தில் ஊறியவர். முதல் இதழ் வருமுன்பே பிடிபட்டு 1942 மே 30 அன்று அதே கோட்டையில் சுடப்பட்டார். வயது 32. சாகிற நாளில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், கதேயின் 'எக்மோன்ட்' நாடகத்தின் கடைசிக் காட்சியை நினைத்துக்கொண்டிருந்ததாகத் தன் வகுப்பு மாணவர்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஜெர்மானியர் தன்னைச் சுடப் போகும் காலையில் ஜெர்மானியக் கவியை அவர்களிடமிருந்து பிரித்து வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது அவருக்கு. இலக்கியம் என்ன செய்யும் என்று நம் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையின் முதல் இதழ், தட்டச்சு செய்து உருட்டியெடுத்த தாள்களாக, அதே வருஷம் செப்டம்பரில் வந்தது.

அதே வருஷம்தான் வெர்கோரின் 'கடலின் மௌனம்'. 350 பிரதிகள். அழைப்பிதழும் முகவரிச்சீட்டும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் எட்டெட்டுப் பக்கமாக அச்சாயிற்று. எதிர்ச்சாரியில் ஜெர்மானிய ராணுவ ஆஸ்பத்திரி. எழுதியவர் ஓவியர் ழான் ப்ருல்லெர் என்பது அவர் மனைவிக்கே போர் முடியும்வரை தெரியாது. நம் சிறு பத்திரிகைக்காரர்கள் பிரதி எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். 350! அந்தக் கதையில் ஒரு ஜெர்மானிய அதிகாரி வருகிறான். பண்பாளன், பிரெஞ்சு இலக்கியப் பித்து. அவன் தங்கும் வீட்டுக் கிழவரும் அவர் மருமகளும் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆக்கிரமிப்பாளன் காட்டுமிராண்டியாக வந்தால் முடிவெடுப்பது எளிது, ரசிகனாக வந்தால் என்ன செய்வது என்பதுதான் கதை. அப்படி ஒருவர் நிஜத்திலேயே இருந்தார். தணிக்கை அதிகாரி கெர்ஹார்ட் ஹெல்லர். கையெழுத்துப் பிரதிகளை இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவர், போலானின் நண்பரானவர். 1941 அக்டோபரில் த்ரியு, ப்ராஸியாக், ஷார்தோன், ழுவாந்தோ முதலான ஏழு பிரெஞ்சு எழுத்தாளர்களை வைமாருக்கு அழைத்துச்சென்ற பயணத்தில் உடன் போனவரும் அவரே. மோரியாக்கின் நாவலுக்கு அனுமதி வாங்கித் தந்தவரும் அவரே. மோரியாக் அந்த நாவலின் பிரதி ஒன்றில் நன்றியோடு கையெழுத்திட்டு அவருக்குக் கொடுத்தார். பிறகு அதே மோரியாக், ஃபோரெஸ் என்ற புனைபெயரில் 1943இல் 'கரிய நோட்டுப் புத்தகம்' எழுதித் தலைமறைவாக வெளியிட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு தேர்வாவது இருந்தது. இல்லாதவர்கள் உண்டு. பிரான்ஸிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். திரும்பியவர்கள் 2,500 அளவில். 1942 ஜூலை 16, 17 இரண்டு நாட்களில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் பிடிக்கப்பட்டவர்கள் 13,000 பேர், அவர்களில் குழந்தைகள் 4,000க்கு மேல். பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீசார். இரேன் நெமிரோவ்ஸ்கி அதற்குச் சில நாட்கள் முன்பு கைதாகி, ஆகஸ்டில் ஆஷ்விட்ஸில் இறந்தார். கணவர் அபெட்ஸுக்கு மன்றாடி எழுதினார். நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். மாக்ஸ் ழகோப் கத்தோலிக்கராக மதம் மாறி முப்பது வருஷங்கள் ஆகப்போகிறது, ஒரு மடாலயத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1944 பிப்ரவரியில் கைது, மார்ச் 5 அன்று த்ரான்ஸி முகாமில் மரணம். அவரை விடுவிக்கும்படி மனு எழுதியவர் கொக்தோ. ஹிட்லரின் அபிமானச் சிற்பி அர்னோ ப்ரெக்கருக்கு 1942இல் பத்திரிகையில் புகழ்மாலை சூட்டிய அதே கொக்தோ. அந்தப் புகழ்மாலையால் வந்த செல்வாக்கைத்தான் இந்த மனுவுக்குப் பயன்படுத்திப் பார்த்தார் என்று வாதிடுபவர்கள் இருக்கலாம். பயன்படவில்லை.

பெஞ்ஜமின் ஃபோந்தானைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ருமானிய யூதர், கவிஞர், ஷெஸ்தோவின் சீடர். பாரிஸ் வீட்டிலிருந்து நகரவில்லை, ஒளிந்துகொள்ளவில்லை. 1944 மார்ச்சில் அவரையும் சகோதரி லீனையும் பிடித்துத் த்ரான்ஸிக்குக் கொண்டுபோனார்கள். போலானும் வேறு நண்பர்களும் ஓடியாடி, மனைவி யூதரல்லர் என்ற சட்டச் சலுகையைக் காட்டி, அவருடைய விடுதலைக்கு வழி செய்தார்கள். சகோதரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஃபோந்தான் அவளை விட்டு வர மறுத்தார். மே 30 அன்று இருவரையும் ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது. அக்டோபர் ஆரம்பத்தில் ஆஷ்விட்ஸில் விஷவாயு. தேர்வு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முன்னாலும் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

ரோபேர் ப்ராஸியாக் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல படிப்பாளி, விமர்சகர், நாவலாசிரியர். 'ழ ஸுயி பார்து' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பில் 1943வரை இருந்தார். ஒளிந்திருந்தவர்களின் பெயர்களை, தங்குமிடங்களை அச்சிட்ட பத்திரிகை அது. 1942 செப்டம்பரில், அந்த ஜூலைக்குப் பிறகு இரண்டே மாதத்தில், யூதர்களை மொத்தமாகப் பிரித்தனுப்ப வேண்டும், சிறுசுகளையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் எழுதினார். பாரிஸ் விடுதலையானபோது தப்பியோடவில்லை. தாயைக் கைது செய்தார்கள் என்று தெரிந்ததும் தானே வந்து சரணடைந்தார். 1945 ஜனவரி 19 அன்று விசாரணை. ஆறு மணி நேரம். ஜூரிகள் யோசித்தது இருபது நிமிஷம். மரண தண்டனை.

மோரியாக் அவரைக் காப்பாற்ற முனைந்தார். ப்ராஸியாக் வருஷக்கணக்கில் மோரியாக்கை அச்சில் அவமதித்துவந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டி கோலுக்கு ஒரு மனு தயாரானது. ப்ராஸியாக்கின் குற்றத்தைப் பற்றியோ எழுத்தைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை. அவருடைய தகப்பனார் 1914 நவம்பரில் நாட்டுக்காக உயிர்விட்டவர், அதை நினைத்துக் கருணை காட்டுக என்றது. மிகவும் புத்திசாலித்தனமான மனு. யாரும் எதையும் விட்டுக்கொடுக்காமல் கையெழுத்திடலாம். 59 பேர் இட்டார்கள். வலேரி, க்ளோதெல், கொலெத், கொக்தோ, போலான். ஸார்த்ரும் பொவ்வாரும் மறுத்தார்கள். பொவ்வார் விசாரணைக்கே போய் உட்கார்ந்திருந்தவர். கூண்டில் நின்ற மனிதனின் தைரியத்தை ஒப்புக்கொண்டபடியே மறுத்தார். சில சொற்கள் விஷவாயு அறை அளவுக்குக் கொலைகாரச் சொற்கள் என்பது அவர் தரப்பு. நான்கு வருஷம் முன்பு அந்தப் பள்ளித் தாளில் கையெழுத்திட்ட கை, இந்தத் தாளில் இட மறுத்தது. இரண்டையும் சேர்த்துவைத்து ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. முதல் கையெழுத்து அவருக்குள் எங்கோ உறுத்திக்கொண்டிருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

காம்யுவிடம் மனுவைக் கொண்டுவந்தவர் மார்ஸெல் எமே. காம்யு அப்போது 'கோம்பா' ஆசிரியர். முந்தைய இலையுதிர்காலத்திலிருந்தே அவருக்கும் மோரியாக்குக்கும் பத்திரிகைகளில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. மோரியாக் கருணையின் பக்கம், காம்யு நீதியின் பக்கம். ஜனவரி 11 அன்று காம்யு எழுதிய கட்டுரை கடுமையானது. மன்னிக்கும் உரிமை தனக்கில்லை, லேனோவின் மனைவி மன்னிக்கலாம் என்று சொல்லட்டும், அப்போது மோரியாக்கோடு சேர்ந்து மன்னிக்கிறேன் என்றார். ரெனே லேனோ கவிஞர், காம்யுவின் நண்பர். லியோன் போகும்போது அவர் அறையில் காம்யு தங்குவதுண்டு. 1944 ஜூன் 13 அன்று ஜெர்மானியர் அவரையும் வேறு கைதிகளையும் ஒரு மரத்தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் கட்டுரை வந்த பதினாறாவது நாள், ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்துவிட்டு, காம்யு மனுவில் கையெழுத்திட்டார்.

எமேக்கு அவர் எழுதிய கடிதம்தான் இந்த முழுச் சரித்திரத்திலும் எனக்கு அதிக மதிப்புள்ள தாள். மரண தண்டனையை எப்போதுமே வெறுத்துவந்ததால் கையெழுத்திடுகிறேன், ப்ராஸியாக்குக்காக இல்லை, அவரை எழுத்தாளராக ஒரு பொருட்டாகவே நான் கருதவில்லை என்கிறார். என் நண்பர்கள் சிலர் இவருடைய நண்பர்களால் சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள், அப்போது இவருடைய பத்திரிகை அவர்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, இவரோடு நான் ஒருபோதும் கைகுலுக்கமாட்டேன் என்கிறார். கையெழுத்தும் இடுகிறார். கருணை மனம் கனிந்து வந்தது என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. வெறுப்பை வெறுப்பாகவே வைத்துக்கொண்டு, அந்த வெறுப்புக்கு ஒரு உயிரை எடுக்கும் உரிமையைத் தர மறுத்தார். சில வருஷங்களுக்குப் பின் டொமினிக்கன் துறவிகளின் சபை ஒன்றில் பேசும்போது, அந்த விவாதத்தில் மோரியாக் சொன்னதே சரி என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நம்மிடையே விவாதங்கள் இப்படி முடிந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மனு பயன்படவில்லை. டி கோல் மறுத்தார். பிப்ரவரி 6 அன்று ப்ராஸியாக் மோன்ரூஷ் கோட்டையில் சுடப்பட்டார். மார்ச் 15 அன்று த்ரியு தற்கொலை செய்துகொண்டார். தன் முன்னாள் மனைவி, யூதப் பெண், 1943இல் குழந்தைகளோடு த்ரான்ஸியில் அடைபட்டபோது அவர்களை வெளியே கொண்டுவந்தவரும் இந்த த்ரியுதான். வெளியே கொண்டுவர முடிந்தவருக்கு, உள்ளே இருந்த மற்றவர்கள் யார் என்று தெரியாமலா இருந்திருக்கும்? போலான், எழுத்தாளர் குழு வெளியிட்ட கறுப்புப் பட்டியலை எதிர்த்து அந்தக் குழுவிலிருந்து விலகினார். ஜெர்மானியருக்குக் கோட்டை கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர்கள் சௌக்கியமாக இருக்க, எழுதியவன் மட்டும் சாக வேண்டுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்ட சிலர், சொல்லுக்குப் பொறுப்பே கிடையாது என்பதுவரை போய்விட்டார்கள். எழுத்தாளன் சொல்லுக்கு மகத்தான சக்தி உண்டு என்று விருது மேடையில் பேசிவிட்டு, கோர்ட்டில் மட்டும் அது வெறும் சொல்தானே என்று வாதிட முடியாது. அதனாலேயே அவனைச் சுட வேண்டும் என்றும் ஆகாது.

ஷாரைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஸெரெஸ்த் கிராமத்தைச் சுற்றி 'காப்டன் அலெக்ஸாந்த்ர்' என்ற பெயரில் அவர் படை நடத்தினார். 1944 ஜூனில் ஒரு நாள், மறைவிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அவருடைய ஆட்களில் ஒருவரான ரோஜே பெர்னாரை ஜெர்மானியர் பிடித்துக் கொல்வதைக் கண்டார். பெர்னார் இளங்கவிஞர். ஷாரின் ஆட்கள் துப்பாக்கிகளோடு சுற்றிலும் காத்திருந்தார்கள். ஒரு சைகை போதும், காப்பாற்றியிருக்கலாம். சுற்றி நின்ற கண்கள் எல்லாம் அந்தச் சைகையைக் கேட்டன. ஷார் தலையசைத்து வேண்டாம் என்றார். சுட்டிருந்தால் பழிக்குப் பழியாகக் கிராமம் எரிந்திருக்கும். ஒரு கிராமம் என்றால் என்ன, மற்ற எந்தக் கிராமத்தையும் போன்ற ஒரு கிராமம்தானா என்று அவரே கேட்டுக்கொள்கிறார். அந்தக் குறிப்புகள் 1946இல் 'ஹிப்னோஸின் தாள்கள்' என்று புத்தகமானபோது காம்யுவுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தன. காம்யு நடத்திய நூல்வரிசையில், அதே கலிமார் வெளியீடாக வந்தது. அதற்கு முந்தின வருஷமே பெர்னாரின் கவிதைகள் ஒரு சிறு தொகுப்பாக வெளிவர ஷார் ஏற்பாடு செய்துவிட்டார்.